நிறுத்தாமல் நிறுத்த கதை

'நிறுத்தான்' என்றால் எடை போட்டான். 'நிறுத்தினான்' என்றால் ஓடியதை ஓடவிடாமல் செய்தான். தமிழில் இந்த இரண்டும் ஒட்டுச்சுவர் வைத்த அண்டை வீட்டுக்காரர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது என்பது என் கட்சி. துள்ளுகிற விரால் மீனை எந்த மீன்காரம்மாவாலும் நிறுக்க முடியாது. மண்டையில் ஒரு போடு போட்டு முதலில் அதை நிறுத்தியாக வேண்டும். போடு வாங்கக் கூடாத ஜீவன்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறோம். அம்மா கைக்குழந்தையோடு எடைமேடையில் ஏறுவாள். பிறகு பிள்ளையை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறுவாள். அதிலிருந்து இதைக் கழித்தால் பிள்ளையின் எடை.

இதே கழித்தல் கணக்கை ஒரு புரதத்துக்கும் அதன் மடியில் உட்கார்ந்த மருந்துக்கும் போட்டுப் பார்க்க விஞ்ஞானிகளுக்கு ஏறத்தாழ 80 வருடம் பிடித்தது.

மருந்து என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: பொடியன் போன்ற மூலக்கூறு ஒன்று, யானை போன்ற புரதத்தின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பது. உட்கார்ந்தானா இல்லையா என்று தெரிந்துகொள்ள யானையை எடை போட்டால் போதும், கூடியிருந்தால் உட்கார்ந்துவிட்டான். ஆனால் இந்தத் தராசில் ஒரு வில்லங்கம். இதில் எதையும் நிறுத்தி நிறுக்க முடியாது. மின்னூட்டம் ஏற்றி, காற்றே இல்லாத குழாயில் பறக்கவிட்டு, போகிற போக்கில் காந்தத்தாலோ மின்புலத்தாலோ பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும். லேசானவன் ஒரேயடியாக வளைந்துவிடுவான். கனத்தவன் 'யாருடா அவன்' என்று பாதி திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வழியே போவான். யார் எவ்வளவு வளைந்தார் என்பதிலிருந்து எடை.

கருவியின் பெயர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். நம் பாடநூல்கள் அதற்கு 'நிறை நிறமாலைமானி' என்று பெயர் வைத்தன. அதில் நிறமும் கிடையாது, மாலையும் கிடையாது. பெயருக்கே இந்தப் பொருத்தம் என்றால், அதைக் கையாண்டவர்களின் பொருத்தத்தைக் கேட்க வேண்டுமா? இந்தக் கருவியின் பக்கம் வந்தவர்களில் பாதிப் பேரை, முறையாக நேர்முகத் தேர்வு வைத்திருந்தால், வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

முதல் ஆள் ஜே. ஜே. தாம்சன். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்துத் தலைவர். 1897-ல் எலக்ட்ரானைக் கண்டுபிடித்து, 1906-ல் நோபல் பரிசு வாங்கியவர். அணுவுக்குள் கைவிட்டவர், ஆனால் அந்தக் கையில் கண்ணாடிக் குழாயைக் கொடுக்க ஆய்வகத்தில் எவருக்கும் துணிச்சல் இல்லை. தொட்டால் உடைப்பார். எபனேசர் எவரெட் என்ற உதவியாளர்தான் கண்ணாடி ஊதி, குழாய் செய்து, காற்றை இறைத்து, எல்லாம் செய்வார். வாத்தியார் யோசிப்பார், எட்ட நின்று அளவைப் பார்ப்பார், நோபல் பரிசு வாங்குவார். எங்கள் வீட்டிலும் சமையலறைக்குள் எனக்கு இதே ஏற்பாடுதான். மூன்றாவது பகுதி மட்டும் இன்னும் நடக்கவில்லை.

1912-ல் தாம்சன் நியான் வாயுவை இந்தக் குழாயில் ஓட்டினார். புகைப்படத் தகட்டில் 20 என்ற எடைக்கு ஒரு கோடு விழுந்தது, சரி. பக்கத்திலேயே 22-க்கு மங்கலாக இன்னொன்று. அழையா விருந்தாளி. நியானோடு ஹைட்ரஜன் சேர்ந்த ஏதாவது கூட்டாக இருக்கும் என்று வாத்தியார் சந்தேகப்பட்டார். அவருடைய உதவியாளர் பிரான்சிஸ் ஆஸ்டனுக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டும் நியான்தானோ?

ஆஸ்டனின் முன்கதையைச் சொல்ல வேண்டும். மனிதர் மூன்று வருடம் பீர் ஆலையில் வேதியியலாளராக வேலை பார்த்தவர். அங்கே கற்ற பொறுமையோ என்னவோ, நியானைக் களிமண் குழாயின் நுண்துளைகள் வழியாகத் திரும்பத் திரும்பக் கசியவிட்டு, லேசானதையும் கனமானதையும் பிரிக்கப் பார்த்தார். எள்ளளவு பிரிந்தது. அதற்குள் முதல் உலகப் போர் வந்து, ஆள் ஃபார்ன்பரோவுக்குப் போய் விமான இறக்கைத் துணிக்குப் பூசும் பூச்சுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். போர் முடிந்ததும் திரும்பி வந்து, 1919-ல் தானே புதிதாக ஒரு கருவி கட்டினார். இந்த முறை சந்தேகத்துக்கு இடமே இல்லை. நியானில் 20-ம் உண்டு, 22-ம் உண்டு, ஏறத்தாழ ஒன்பதுக்கு ஒன்று. பள்ளிக்கூட அட்டவணையில் நியானின் எடை 20.2 என்று போட்டிருக்கிறதே? அது சராசரி. அப்பாவுக்கு 40, பிள்ளைக்கு 10 என்றால் வீட்டின் சராசரி வயது 25. ஆனால் அந்த வீட்டில் 25 வயதுக்காரர் யாரும் கிடையாது. உலகத்தில் எந்த நியான் அணுவும் 20.2 எடை கொண்டதில்லை. அத்தனை காலமும் வேதியியலாளர்கள் இல்லாத ஆளுக்கு ரேஷன் கார்டு கொடுத்துவைத்திருந்தார்கள்.

ஒரே தனிமம், வேறு வேறு எடை: இவற்றுக்கு ஐசோடோப் என்ற பெயரை 1913-ல் வேதியியலாளர் பிரெடரிக் சாடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயரை எடுத்துக்கொடுத்தவர் மார்கரெட் டாட், மருத்துவர், நாவலாசிரியர். கிளாஸ்கோவில் ஒரு விருந்தில் சாடி தன் குழப்பத்தை விளக்க, அவர் கிரேக்கத்திலிருந்து இரண்டு சொல்லை எடுத்துக் கோத்துக் கொடுத்தார். பிற்பாடு சாடிக்கும் நோபல், ஆஸ்டனுக்கும் நோபல். பெயர் வைத்த அத்தைக்குப் பாயசத்தோடு சரி. ஆஸ்டன் இயற்கையில் உள்ள ஐசோடோப்புகளில் 212-ஐத் தன் கையால் நிறுத்தவர்.

அடுத்த கட்டம் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கா. கொஞ்சம் இருண்ட கட்டம், ஆனால் கூத்துக்குக் குறைவில்லை. அணுகுண்டுக்கு யுரேனியம்-235 வேண்டும். அது இயற்கை யுரேனியத்தில் 0.7 சதவீதம்தான். இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸ் என்ன செய்தார் என்றால், எடை பார்க்கும் தராசை அரிசி புடைக்கும் முறமாக மாற்றினார். பறக்கவிட்டு, காந்தத்தால் வளைத்து, லேசானது விழுகிற இடத்தில் டப்பாவை வைத்துப் பிடி. டென்னசியின் ஓக் ரிட்ஜில் இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட கருவிகள். காந்தச் சுருளுக்குத் தாமிரம் வேண்டும். போர்க்காலத்தில் தாமிரத்துக்குப் பஞ்சம். எனவே கர்னல் கென்னத் நிக்கல்ஸ் அரசுக் கருவூலத்துக்குப் போய் வெள்ளி கேட்டார், ஆயிரக்கணக்கான டன். கருவூலத்தில் வெள்ளியை டன் கணக்கில் பேசும் வழக்கம் இல்லை, அவுன்ஸில்தான் என்று அங்கிருந்த அதிகாரி அவருக்குப் பாடம் நடத்தினார். நகைக்கடையில் போய் 'ரெண்டு லாரி வளையல் குடுங்க' என்று கேட்டால் என்ன முகம் காட்டுவார்களோ அந்த முகம். கடைசியில் கிடைத்தது 14,700 டன். கட்டிகளாகத் தூங்கிக்கொண்டிருந்த நாட்டுச் சொத்தைக் காந்தத்தில் சுற்றினார்கள். போர் முடிந்து திருப்பியும் கொடுத்தார்கள்.

கருவிகளை ஓட்டியவர்கள் யார்? பள்ளிப் படிப்பு முடித்த டென்னசிக் கிராமத்துப் பெண்கள். என்ன தயாரிக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. முள் இந்தப் பக்கம் போனால் குமிழை அந்தப் பக்கம் திருப்பு. அவ்வளவுதான் பயிற்சி. இந்தப் பெண்கள் லாரன்ஸின் முனைவர்களைவிட அதிக உற்பத்தி காட்டுகிறார்கள் என்று நிக்கல்ஸ் சீண்ட, லாரன்ஸ் வீம்புக்குப் போட்டிக்கு ஒப்புக்கொண்டார். முனைவர்கள் தோற்றார்கள். முள் லேசாக ஆடினாலும் அது ஏன் ஆடியது என்று ஆராயப் போய்விடுவார்களாம். ஆராய்ந்துகொண்டிருக்கிற நேரத்தில் யுரேனியம் சுவரில் போய் அப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்கள் திருப்பிய குமிழ்கள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பது 1945 ஆகஸ்ட் 6-ம் தேதி காலையில் ஹிரோஷிமாவுக்குத் தெரிந்தது. அவர்களுக்கும் அதன் பிறகுதான் தெரிந்தது.

போருக்குப் பின் கருவி பெட்ரோலியக்காரர்கள் கையில் போய் நல்ல உத்தியோகத்தில் அமர்ந்தது. எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் வேலை. சலிப்பான வேலை, தாண்டிப் போவோம்.

உயிரியலாளர்கள் மட்டும் வெளியே நின்று ஏக்கத்தோடு எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் கையில் இருந்தது புரதம். கருவிக்குள் நுழைய முதல் நிபந்தனை ஆவியாவது. பெட்ரோலைச் சூடாக்கினால் ஆவியாகும். முட்டையைச் சூடாக்கினால் ஆம்லெட்தான் ஆகும். அப்படியே ஆவியாக்கினாலும், மின்னூட்டம் ஏற்ற எலக்ட்ரானால் ஓர் அடி கொடுக்கும் பழைய முறையில் பெரிய மூலக்கூறு சுக்குநூறு. பஞ்சாமிர்தத்தை மிக்சியில் அடித்துவிட்டு எத்தனை வாழைப்பழம் போட்டது என்று எண்ணுகிற கதை.

இங்கே உள்ளே வருவது கார் பெயின்ட். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மால்கம் டோல், மின்னூட்டம் ஏற்றிய வண்ணத்தைக் கார் உடம்பில் தெளிக்கும் முறையைப் பற்றி அறிந்தபோது, பெயின்டுக்குப் பதில் மூலக்கூறைத் தெளித்தால் என்ன என்று யோசித்தார். 1968-ல் பாலிஸ்டைரீனைத் தெளித்தும் பார்த்தார். எண்ணம் அபாரம், பின்னால் வைத்த அளக்கும் கருவிதான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

எண்ணத்தை எடுத்து வளர்த்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஃபென். அவர் உயிரியலாளர் அல்ல, பொறியாளர். வாயுவை ஊசித்துளை வழியே வெற்றிடத்துக்குள் பீய்ச்சுவதில் வித்தகர். தத்துவம் இதுதான். புரதம் கரைந்த நீரை, சில ஆயிரம் வோல்ட் கொடுத்த ஊசி முனையிலிருந்து தெளி. ஒவ்வொரு துளியிலும் ஒரே வகை மின்னூட்டம் கும்பலாக ஏறிக்கொள்ளும். துளி உலர உலரச் சுருங்கும். தலைவர் பதவிக்கு ஆசைப்படும் இருபது பேரை ஒரே வேனில் ஏற்றிவிட்டு, வேனை மட்டும் சிறிதாக்கிக்கொண்டே வந்தால் என்ன ஆகும்? வெடித்துச் சிதறும். சிதறிய குட்டித் துளிகளும் உலர்ந்து சிதறும். கடைசியில் நீரெல்லாம் போய், மிஞ்சிய மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டு புரதம் மட்டும் அந்தரத்தில் நிற்கும். அடி இல்லை, சூடு இல்லை. இதில் கூடுதல் சலுகை ஒன்று: கருவி பார்ப்பது எடையை அல்ல, எடையை மின்னூட்டத்தால் வகுத்த ஈவை. 17,000 டால்டன் (மூலக்கூறுகளை நிறுக்கும் அலகு) எடையுள்ள புரதம் 15 மின்னூட்டம் ஏற்றிக்கொண்டால் கருவிக்கு அது 1,130 சொச்சமாகத்தான் தெரியும். யானை பூனை டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டது.

ஃபென்னின் முதல் மின்தெளிப்புக் கட்டுரை வந்தது 1984-ல், அவருக்கு 67 வயதில். அதே ஆண்டு லெனின்கிராடில் லிடியா கால் குழுவினரும் இதையே செய்து ரஷ்ய மொழியில் வெளியிட்டார்கள். ரஷ்ய மொழியில் வெளியிட்ட குற்றத்துக்காக மேற்குலகம் அவர்களை நெடுநாள் கண்டுகொள்ளவில்லை. 1987-ல் ஃபென்னுக்கு 70. யேலின் விதிப்படி கட்டாய ஓய்வு. ஆய்வக இடமும் சுருங்கியது, உலரும் துளியைப் போல. மறு வருடம், 1988-ல், முழுப் புரதங்களை உடையாமல் பறக்கவிட்டுக் காட்டினார். பல்கலைக்கழகங்களின் காலக் கணிப்பு எப்போதும் இப்படித்தான், முகூர்த்தம் முடிந்த மறுநாள் மேளம் வரும். 

பிறகு காப்புரிமைச் சண்டை. இது எனக்குத்தான் என்றார் ஃபென். இல்லை, எங்களுக்கு என்றது யேல். 2002-ல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 85. வழக்கு அப்போதும் நடந்துகொண்டிருந்தது. மூலக்கூறு யானைகளுக்குச் சிறகு கொடுத்தது பற்றி ஸ்டாக்ஹோமில் பேருரை ஆற்றிவிட்டு ஊர் திரும்பினார். 2005-ல் தீர்ப்பு: கண்டுபிடிப்பின் மதிப்பைப் பல்கலைக்கழகத்திடம் குறைத்துச் சொல்லிவிட்டுத் தானே காப்புரிமை எடுத்துக்கொண்டார், எனவே 10 லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டும். பொருளின் எடையைக் குறைத்துக் காட்டுவதில் அவர் கருவிக்குச் சளைத்தவரில்லை என்று நீதிமன்றம் கருதியது போலும்.

அதே 2002-ல் வேதியியல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இன்னொருவர் கதை இதையும் தூக்கிச் சாப்பிடும். கொய்ச்சி தனாகா, கியோட்டோவில் ஷிமாட்சு நிறுவனத்துப் பொறியாளர். படித்தது மின்பொறியியல், அதுவும் இளநிலைப் பட்டம் மட்டும். முனைவர் பட்டம் இல்லை, பேராசிரியர் பதவி இல்லை, வேதியியல் பின்னணியே இல்லை. கல்லூரியில் ஜெர்மன் பாடத்தில் கோட்டைவிட்டு ஒரு வருடம் கூடுதலாகப் படித்தவர்.

1985-ல் அவர் செய்துகொண்டிருந்தது லேசர் அடித்துப் பெரிய மூலக்கூறை உடைக்காமல் ஆவியாக்கும் முயற்சி. மிக நுண்ணிய கோபால்ட் பொடியை அசிட்டோனில் கலப்பது வழக்கம். ஒரு நாள் கை தவறி கிளிசரினில் கலந்துவிட்டார். வேறு யாராவது என்றால் சாக்கடையில் கொட்டிவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் நோக்கியிருப்பார்கள். தனாகாவுக்கு மனசு வரவில்லை. கோபால்ட் பொடி விலை அதிகம், வீணாக்குவதா? நம் வீட்டில் புளித்த இட்லி மாவைக் கொட்டாமல் ஊத்தப்பம் வார்க்கிற அதே தர்மம். கிளிசரின் சீக்கிரம் உலரட்டும் என்று அதன் மேல் லேசரை அடித்துக்கொண்டே இருந்தார், சும்மா இராமல் திரையையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கும் காணாத இடத்தில் ஒரு சிகரம் எழுந்தது. உடையாத மூலக்கூறு.

பரிசு அறிவித்த அன்று வந்த தொலைபேசி அழைப்பு அவருக்குச் சரியாக விளங்கவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தார். நிறுவனத்தின் வேலைச் சட்டையோடு பத்திரிகையாளர்கள் முன் வந்து உட்கார்ந்த 43 வயது ஆளைப் பார்த்து ஜப்பானே சொக்கிப்போனது. பதவி உயர்வு கொடுத்தால் ஆய்வகத்தை விட்டுப் போக வேண்டியிருக்குமே என்று உயர்வுத் தேர்வுகளைத் தவிர்த்து வந்தவர் அவர். முணுமுணுப்பும் இருந்தது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் லேசர் முறை மிகைல் கராஸ், ஃபிரான்ஸ் ஹில்லன்காம்ப் என்ற இருவர் வளர்த்தது; பெரிய புரதங்களை முதலில் எட்டியது தனாகா என்பதால் பரிசு அவருக்குப் போனது. அந்த இருவரும் ஜெர்மானியர்கள். ஜெர்மன் பாட வாத்தியார் இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

யானை பறக்கிறது. அதன் மேல் பொடியன்?

அறிஞர்கள் கையை விரித்தார்கள். புரதத்தோடு மருந்து ஒட்டியிருப்பது பெரும்பாலும் பசை போட்டு அல்ல. மெல்லிய ஈர்ப்பு, கொஞ்சம் ஹைட்ரஜன் பிணைப்பு, கொஞ்சம் தண்ணீர் வெறுப்பு. தண்ணீரை எடுத்துவிட்டு வெற்றிடத்தில் பறக்கவிட்டால் எல்லாம் உதிர்ந்துவிடும் என்றார்கள். அதோடு அப்போதெல்லாம் புரதத்தை அமிலத்தில் ஊறவைத்துத்தான் தெளித்தார்கள். அமிலம் பட்டால் புரதம் அவிழ்ந்து நூலாகிவிடும். நின்றுகொண்டிருப்பவர் மடியில் யார் போய் உட்கார்வது?

1991-ல் இரண்டு குழுக்கள் அமிலத்தைக் குறைத்து, சூட்டைக் குறைத்து, நயமாக ஊதிப் பார்த்தன. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கட்டாவும் சைட்டும் மையோகுளோபின் என்ற புரதத்தைப் பறக்கவிட்டார்கள். கூடவே 616 டால்டன் எடையுள்ள ஹீம் என்ற மூலக்கூறு கும்மென்று உட்கார்ந்து வந்தது. அமிலத்தைக் கூட்டினால் இறங்கிக்கொண்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேனம், லீ, ஹெனியன் மூவரும் எஃப்கேபிபி என்ற புரதத்தை எடுத்தார்கள். 12,000 டால்டனுக்குச் சற்றே குறைவு. அதனுடன் எஃப்கே506 என்ற மருந்தைச் சேர்த்தால் 804 கூடியது. ராபமைசினைச் சேர்த்தால் 914 கூடியது. அம்மா, அம்மாவும் பிள்ளையும், கழித்தல். கணக்கு ஒத்துப்போனது.

இந்த ராபமைசின் அந்தத் தராசில் ஏறியதே பெரும்பாடு. 1964-ல் கனடாவிலிருந்து கிளம்பிய குழு, பசிபிக்கின் நட்டநடுவே சிலைகள் மட்டும் காவல் நிற்கும் ஈஸ்டர் தீவிலிருந்து மண் அள்ளி வந்தது. அந்த மண்ணின் பாக்டீரியாவிலிருந்து மான்ட்ரியலில் ஒரு மருந்து நிறுவன ஆய்வகத்தில் சுரேந்திரநாத் சேகல் குழு பிரித்தெடுத்ததுதான் இது. ராபா நூயி என்ற தீவின் பெயரே மருந்துக்கும். 1980-களின் தொடக்கத்தில் நிறுவனம் அந்த ஆய்வகத்தை மூடிவிட்டு, தேறாத சரக்கையெல்லாம் அழிக்கச் சொன்னது. சேகல் கொஞ்சத்தைக் குப்பியில் எடுத்துப் போய், வீட்டு உறைபெட்டியில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில், 'சாப்பிடாதே' என்று சீட்டு ஒட்டி வைத்தார் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது உறைபெட்டியும் கூடவே போனது. நிர்வாகம் மாறியதும் குப்பி வெளியே வந்தது. 1999-ல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. பிள்ளைகள் சொன்னபேச்சு கேட்கிற வீடாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

சந்தேகப் பிராணிகள் விடவில்லை. அவர்கள் கேள்வியில் நியாயமும் இருந்தது. பாயசம் வற்றும்போது திராட்சை பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளுமே, அதற்காகப் பாத்திரத்துக்கும் திராட்சைக்கும் சம்பந்தம் பேசி முடித்துவிட்டோம் என்று சொல்வோமா? துளி உலர்ந்து சுருங்கும்போது உள்ளே நீந்திக்கொண்டிருந்த மருந்து வேறு போக்கிடமின்றி ஒட்டியிருக்கலாம். எதிர்ப்பக்க வில்லங்கமும் உண்டு. தண்ணீரை வெறுத்து ஒன்றாக ஒதுங்கிய ஜோடிகள், மழைக்கு ஒரே திண்ணையில் ஒதுங்கியவர்களைப் போல. மழை நின்றால் அவரவர் வழி அவரவருக்கு. தண்ணீர் போனதும் அந்தப் பிடி தளர்ந்துவிடும். மின்னூட்டத்தால் பிடித்துக்கொண்டவையோ வெற்றிடத்தில் இன்னும் இறுகும். ஆக நிஜமாக ஒட்டியது உதிரலாம், ஒட்டாதது ஒட்டியதாக நடிக்கலாம். எனவே மருந்தின் அளவைக் குறைத்துக் கூட்டிப் பார். சம்பந்தமில்லாத புரதம் ஒன்றைக் கூடவே விட்டு, அதன் மேலும் மருந்து ஏறுகிறதா என்று பார். இடத்துக்கு இரண்டு மருந்துகளைப் போட்டியிடவிடு. மருந்து உட்காரும் இடத்தில் புரதத்தை மாற்றிவிட்டுப் பார். இன்னொரு தொல்லை, புரதத்தோடு ஒட்டி வரும் சோடியமும் தண்ணீரும். கடைக்காரர் புளியைப் பொட்டலக் காகிதத்தோடு சேர்த்து நிறுக்கிற மாதிரி. அதற்காகத்தான் சாதாரண உப்பை விலக்கிவிட்டு, உலரும்போது தானும் பறந்துவிடும் அம்மோனியம் அசிடேட்டில் புரதத்தைக் கரைக்கிறார்கள்.

இந்தத் துறையை ஊரறியச் செய்தவர் கரோல் ராபின்சன். 16 வயதில் பள்ளியை விட்டு, கென்ட்டில் ஃபைசர் மருந்து நிறுவனத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். அங்கேதான் இந்தக் கருவியைப் பழகினார். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படித்துப் பட்டம் வாங்கி, கேம்பிரிட்ஜில் முனைவரும் ஆனார். பிறகு எட்டு வருடம் வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். ஆய்வுலகில் எட்டு வருட இடைவெளி என்றால் சொத்தையே எழுதிக்கொடுத்துவிட்டுக் காசிக்குப் போனதற்குச் சமம். திரும்பி வந்தால் யாரும் அடையாளம் காண மாட்டார்கள். அம்மணி திரும்பி வந்தார். 2001-ல் கேம்பிரிட்ஜின் முதல் பெண் வேதியியல் பேராசிரியர், 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டிலும் முதல்.

அவர் பறக்கவிட்டது தனி யானைகளை அல்ல, கூட்டமாக, பாகன்களோடு. 14 துண்டுகள் சேர்ந்த 8 லட்சம் டால்டன் புரதக் கூட்டத்தை முழுசாக. ரைபோசோமை முழுசாக. 2008-ல் அதுவரை யாரும் கைவைக்கத் தயங்கிய சவ்வுப் புரதங்களையும். அவை செல்லின் எண்ணெய்ச் சுவரில் பதிந்து வாழ்பவை, நீரில் இறங்காது. அதனால் சோப்பு மூலக்கூறுகளால் சுற்றிப் போர்த்தி, போர்வையோடு பறக்கவிட்டு, உள்ளே போனதும் வாயுவோடு மோதவைத்துப் போர்வையை உதறினார். முகூர்த்தப் பட்டில் சுற்றிய பிள்ளையை மேடையில் கிடத்திவிட்டுப் பட்டை மட்டும் உருவியதுபோல். நம் மருந்துகளில் பெரும்பங்கு போய் உட்காரும் இடம் இந்தச் சவ்வுப் புரதங்கள்தான்.

கடைசியாகக் கேராஸ். 1982-லிருந்து புற்றுநோய்க்காரர்களுக்குத் தெரிந்த புரதம். நுரையீரல், குடல், கணையம் என்று எங்கே தோண்டினாலும் இது தலைகாட்டும். ஆனால் இதை அடக்க மருந்தே கிடையாது என்று 30 வருடம் நம்பினார்கள். எண்ணெய் தேய்த்த மல்யுத்தக்காரன் மாதிரி பிடிக்க ஒரு மடிப்பு இல்லை. இருக்கிற ஒரே குழியில் ஜிடிபி என்ற மூலக்கூறு, பரம்பரை வீட்டில் குடியிருப்பவர் போல, அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்.

கலிஃபோர்னியாவில் கெவன் ஷோகட் குழுவினர் கேராஸின் ஒரு திரிபை எடுத்தார்கள். அதில் 12-ம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் சிஸ்டைன் வந்துவிடும்; சிஸ்டைனில் கந்தகக் கொக்கி ஒன்று உண்டு. கொக்கியில் மாட்டக்கூடிய 480 சிறு மூலக்கூறுகளைத் தனித்தனியாகக் கலந்துவிட்டு, ஒவ்வொரு கலவையிலும் புரதத்தை நிறுத்தார்கள். எடை கூடவில்லையா? அடுத்தது. கூடவில்லையா? அடுத்தது. டென்னசிப் பெண்கள் செய்த வேலையேதான். முள் ஏன் ஆடியது என்று இப்போதைக்குக் கேட்காதே, ஆடியதா என்று மட்டும் பார். சிலவற்றில் நன்றாகவே ஆடியது. அதன் பிறகுதான் படிகம் வளர்த்து எக்ஸ்ரே அடித்துப் பார்த்தார்கள். 2013-ல் வெளியான அந்தப் படத்தில், அதுவரை எடுத்த எந்தப் படத்திலும் இல்லாத ஒரு பை திறந்திருந்தது. மருந்து உட்கார வந்ததும் புரதம் நகர்ந்து இடம் விட்டிருக்கிறது, நெரிசல் பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் நான்காமவருக்கு இடம் முளைப்பதைப் போல.

அந்தப் பையில் உட்காரும் சோட்டோராசிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2021 மே மாதம் ஒப்புதல் கொடுத்தது. அது கந்தகக் கொக்கியில் தன்னை முழுசாக மாட்டிக்கொள்ளும். எதையும் வெளியே உதிர்ப்பதில்லை. ஆகவே அந்தத் திரிபுக் கேராஸை முதலில் தனியாகவும், பிறகு மாத்திரையோடும் பறக்கவிட்டு அதிலிருந்து இதைக் கழித்தால் 560 டால்டன் வரும். பொட்டலக் காகிதம் நீங்கலாக.